உப்பு விழுந்த தளம்

ஆதிலட்சுமிக்கு அந்தப் போன் வந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். திருப்புலிவனத்தில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பேசியது சுகுமார். உத்திரமேரூர் வட்டாரத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு வேலை கொடுப்பவன்.

“அக்கா, ஐஸ் கம்பெனில நீ போட்ட தளம் பேந்துக்கினு வருதாம். மேனேஜரு போட்டோ அனுப்பிச்சிகீறாரு.”

“எந்த எடத்துல?”

“ரூமு உள்ள நல்லாத்தான் கீதாம். முன்னறைல, கதவாண்டதான்.”

கதவு என்றதும் அவள் கை கீரைக்குள்ளேயே நின்றுவிட்டது.

“ஒரு வருசம் கூட ஆவல. நாளைக்கிக் காலைல வந்துடு. மத்தத அங்க பேசிக்கலாம்” என்று சொல்லி அவன் வைத்துவிட்டான்.

சாலவாக்கம் சாலையில் வயல்களுக்கு நடுவே வந்திருக்கும் குளிர்பதனக் கிடங்கைத்தான் ஊரார் ஐஸ் கம்பெனி என்பார்கள். ஐஸ்கிரீம், பட்டாணி, கோழிக்கறி எல்லாம் சென்னையிலிருந்து லாரியில் வந்து அங்கே அடுக்கப்படும். பிறகு செய்யாறு, வந்தவாசி, செங்கல்பட்டு என்று பிரிந்து போகும். வெளியே கத்திரி வெயில் கொளுத்தினாலும் உள்ளே இரண்டு பெரிய அறைகளில் எப்போதும் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. அந்த இரண்டு அறைகளின் கதவுகளும் ஒரு நீளமான முன்னறையில் திறக்கும். லாரி வந்து நிற்பது முன்னறைக்கு வெளியே. அத்தனை இடத்துக்கும் தளம் போட்டது ஆதிலட்சுமியும் அவளோடு வேலை செய்யும் நான்கு பெண்களும்.

அவளுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. பத்தொன்பது வயதில் சித்தாளாக வேலைக்குப் போக ஆரம்பித்தவள். பதிமூன்று வருஷம் கலவைப் பாண்டு சுமந்தாள். அப்புறம் ஒரு நாள் மானாம்பதியில் ஒரு ரைஸ் மில் தளம். கொட்டி முடித்த நேரத்தில் கொத்தனார்கள் இரண்டு பேரும் பக்கத்துத் தெரு கல்யாணத்துக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். வெயிலில் கான்கிரீட் இறுக ஆரம்பித்துவிட்டது. கூப்பிட்டு அனுப்பியும் ஆள் வரவில்லை. ஆதிலட்சுமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மட்டப்பலகையை எடுத்தாள். கூட இருந்த பெண்களிடம், “நீங்க கரண்டியப் புடிங்கடி. இன்னா ஆவுதோ ஆவட்டும்” என்றாள். மறுநாள் கொத்தனார் குற்றம் கண்டுபிடிக்கவென்றே ஒரு குடம் தண்ணீரைத் தளத்தில் கொட்டினார். எங்கேயும் தேங்காமல், நேராக ஓட்டைக்குப் போய் இறங்கியது தண்ணீர். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சுகுமார், “இனிமே தளத்துக்கு நீயே வாக்கா” என்றான்.

அதற்குப் பிறகு பால் சொசைட்டி, கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம், ரேஷன் கடைக் கிடங்கு, பள்ளிக்கூட வராந்தா என்று எத்தனையோ தளம். கட்டை விரலால் அழுத்திப் பார்த்தே கான்கிரீட்டின் பதத்தைச் சொல்லிவிடுவாள். தளம் போட்ட மறுநாள் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஒரு நடை நடப்பாள். அதைப் பார்த்து மற்ற பெண்கள் சிரிப்பார்கள். அவளுக்கு அது சாமி கும்பிடுகிற மாதிரி.

ஐஸ் கம்பெனி தளம் போட்டது ஐப்பசியில். கூரை போட்டாயிற்று, பக்கத்துத் தகடுகள் இன்னும் அடிக்கவில்லை. முன்னறையில் மட்டம் தட்டி முடிக்கிற நேரம் பார்த்துக் காற்றோடு தூறல் அடித்தது. இரண்டு கதவுகள் வருகிற இடத்திலும் மேல்பரப்பில் தண்ணீர் நின்றது. துடைத்து எடுத்துவிட்டு, மேல் ஈரம் போகும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுகுமார், “சிமெண்ட்டத் தூவித் தேச்சுடுக்கா, ஈரத்த இழுத்துக்கும்” என்றான். அப்படிச் செய்தால் மேலே ஒரு தோல் தனியாக நிற்கும் என்பது ஆதிலட்சுமிக்குத் தெரியும். தெரிந்துதான் தூவினாள். இரண்டு கதவுகளின் முன்னாலும், கதவுக்கு ஒரு பாய் அகலத்துக்கு. காய்ந்த பிறகு பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியுமே. வீட்டில் கணவன் வேதகிரியிடம் கூட அதைச் சொன்னதில்லை.

திங்கட்கிழமை போய்ப் பார்த்தாள். சுகுமார் காட்டிய இடம் முதல் அறையின் கதவுக்கு முன்னால். வழவழவென்று கண்ணாடி மாதிரி அவள் இழைத்துவிட்ட பரப்பு, வெயிலில் உரிந்த தோல் போலச் செதில் செதிலாகக் கிளம்பியிருந்தது. விரல் பட்டால் உதிர்ந்தது. சில இடங்களில் ஜல்லியே பல்லைக் காட்டியது. தள்ளுவண்டியின் சக்கரம் அதில் தட்டித் தட்டி ஏறியது.

மேனேஜர் ராஜாராமன் கோபக்காரர் இல்லை. கூரத்துக்காரர், பெருமாள் கோயில் கைங்கரியம் செய்த குடும்பம். பேச்சு எப்போதும் நிதானமாகத்தான் இருக்கும். அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“யாரையும் திட்டறதுக்குக் கூப்பிடலை. ஆனா இது சாப்பாட்டுப் பொருள் வைக்கிற இடம். மண் உதிர்ந்தா அதிகாரிங்க பூட்டிட்டுப் போயிடுவாங்க. மொத்தத்தையும் உடைச்சுட்டு சென்னை ஆளுங்களை வெச்சுப் போடலாம்னு இருக்கேன். எதனால இப்படி ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க” என்றார்.

சுகுமார் ஆதிலட்சுமியைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

“தெரியல சார்” என்றாள்.

வெளியே வந்ததும் சுகுமார் தயங்கித் தயங்கிச் சொன்னான். “பெருநகர் ஆஸ்பத்திரித் தளம் அடுத்த மாசம் கீது இல்லக்கா. அதுக்கு வேற ஆள வெச்சுக்கறேன். கோச்சிக்காத. இது ஒரு பேச்சு அடங்கட்டும்.”

“சரி தம்பி” என்றாள். கோபித்துக்கொள்ள அவளிடம் நியாயம் எதுவும் இல்லை என்று அவள் நினைத்தாள்.

அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்ன ஆயிற்று என்று வேதகிரி இரண்டு முறை கேட்டான். மூன்றாம் முறை கேட்டபோது, “நாளைக்கி வண்டி எடுயா. நான் போட்ட தளமெல்லாம் பாக்கணும்” என்றாள்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான்.”

செவ்வாய்க்கிழமை முழுக்க வேதகிரியின் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனாள். கையில் ஒரு இரும்புக் கொத்துக்கரண்டி. ரேஷன் கிடங்கில் மூட்டைகளுக்கு நடுவே குனிந்து தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. கல்யாண மண்டபத்தில் குதிகாலால் தேய்த்துப் பார்த்தாள். தூசிகூட வரவில்லை. மண்டபத்து வாட்ச்மேன், “இன்னாம்மா தொலச்சிட்ட?” என்று கேட்டார். மானாம்பதி பால் சொசைட்டித் தளம்தான் எல்லாவற்றிலும் அதிகம் பாடுபடுவது. நாள் முழுக்கத் தண்ணீர், பால், சோப்பு நீர், கேன்கள் விழுகிற அடி. எட்டு வருஷம் ஆகியும் அது அப்படியே இருந்தது.

திரும்பி வரும்போது வேதகிரி வண்டியை ஓட்டியபடியே கேட்டான். “எல்லாம் நல்லாத்தானே கீது. அப்புறம் அங்க மட்டும் இன்னா வந்துச்சி?”

அந்தக் கேள்விதான் அவளுக்கும் தோன்றியிருந்தது. தன் தப்பு தெரிந்ததிலிருந்து அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. இரண்டாவது கதவின் முன்னாலும்தானே அவள் சிமெண்ட் தூவினாள்? அந்தப் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே!

புதன்கிழமை காலை தனியாகப் பஸ் ஏறி ஐஸ் கம்பெனிக்குப் போனாள். ராஜாராமனிடம், “சார், ஒரு நாளு இங்க ஓரமா ஒக்காந்து பாத்துக்கினு இருக்கட்டுமா? யாருக்கும் தொந்தரவு பண்ண மாட்டேன்” என்று கேட்டாள். அவர் சற்று யோசித்தார். பிறகு, “குளிரும். ஸ்வெட்டர் வாங்கிப் போட்டுக்குங்க” என்றார்.

முழங்கால் வரைக்கும் தொங்குகிற கம்பெனி ஸ்வெட்டரைப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு, முன்னறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். முதலில் இரண்டாவது கதவுக்கு முன்னால் போய்க் குனிந்து பார்த்தாள். தளம் முழுசாக இருந்தது. தடவினாள், தட்டினாள். ஒரு செதில்கூட இல்லை. அதே நாள், அதே கலவை, அதே தூறல், அதே சிமெண்ட் தூள். சந்தோஷப்படலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

எட்டரை மணிக்கு முதல் லாரி வந்தது. வெளிப்பக்கத்து ஷட்டர் மேலே போனதும் ஆவணி மாதத்துப் புழுக்கம் உள்ளே நுழைந்தது. குளிர்ந்து கிடந்த தரை உடனே வேர்த்தது. அடுத்து அறைக்கதவு திறந்தது. வெள்ளைப் புகை போலக் குளிர் தரையோடு தரையாக வழிந்து வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையில் இருந்த ஈரம் மெல்லிய கண்ணாடியாக இறுகியது. கதவு மூடியதும் சற்று நேரத்தில் அது இளகித் தண்ணீர் ஆயிற்று. மறுபடி கதவு, மறுபடி கண்ணாடி. மதியத்துக்குள் ஒன்பது தடவை அப்படி நடந்ததை அவள் விரல்விட்டு எண்ணினாள். இரண்டு கதவுகளிலும் இதே கதைதான்.

இரண்டாவது கதவில் சரக்கு ஏற்றுகிறவர் முனியன். ஐஸ் பிடித்ததும் அவர் ஒரு மண்வெட்டியால் சுரண்டித் தள்ளிவிட்டு, சாக்கு ஒன்றை விரித்துப் போட்டு அதன் மேல் நடந்தார்.

முதல் கதவில் வேலை செய்தவள் செவ்வந்தி. முப்பது வயது இருக்கும், சாலவாக்கத்துப் பெண். அவள் சுவரோரம் இருந்த மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி வீசினாள். ஐஸ் சடசடவென்று விரிசல் விட்டு இளகியது. அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு தைரியமாக நடந்தாள்.

“இன்னா பாப்பா அது?” என்று ஆதிலட்சுமி கேட்டாள்.

“கல்லுப்புக்கா. ஐஸ்ஸ கரைச்சிடும்.”

“தெனமுமா போடுவ?”

“ஐஸ் புடிக்கறப்பல்லாம் போடுவேன். சித்திர மாசம் இங்கதான் வழுக்கி வுழுந்தேன்.” செவ்வந்தி வலது மணிக்கட்டைக் காட்டினாள். எலும்பு கூடின இடம் சற்றே புடைத்திருந்தது. “ரெண்டு மாசம் கட்டுப் போட்டுக்கினு இருந்தேன். கைக்கொழந்தையத் தூக்க முடில. அதுலேருந்து உப்பு இல்லாம கதவாண்ட கால வைக்கமாட்டேன்.”

ஆதிலட்சுமி எழுந்து போய் உரிந்த இடத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை பார்த்தது வெறும் காயமாகத்தான் தெரிந்தது. இப்போது அதன் வடிவம் தெரிந்தது. அரை வட்டம். செவ்வந்தி நிற்கிற இடத்திலிருந்து அவள் கை வீசினால் எவ்வளவு தூரம் உப்பு போய் விழுமோ, அவ்வளவு தூரத்துக்குத் தளம் உரிந்திருந்தது. சிமெண்ட் தூவிய இடத்தைத் தாண்டி, தூறலே படாத இடத்திலும் உரிந்திருந்தது. உப்பு போகாத மூலையில், சிமெண்ட் தூவியும், ஒன்றும் ஆகவில்லை.

அவள் மெதுவாகப் பெட்டியில் வந்து உட்கார்ந்தாள். உப்புக்காற்று பட்டால் கம்பி துருப்பிடிக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் இங்கே கம்பி துருப்பிடிக்கவில்லை, தோல்தான் உரிகிறது. உப்பும் ஐஸும் சேர்ந்து என்ன செய்யும் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் உப்புதான் என்பதில் சந்தேகம் இல்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேரும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஆதிலட்சுமிக்குச் சோறு இறங்கியது. ஆனால் கண்டதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இதைச் சொன்னால் இவள் வேலைக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் தன் பேர் போகும். கடைசியில் செவ்வந்தியே கேட்டாள்.

“இன்னாக்கா, காலைலேருந்து என்னையே பாத்துக்கினு கீற?”

ஆதிலட்சுமி மறைக்கவில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். செவ்வந்தி கையில் எடுத்த கவளத்தைத் திரும்ப டிபன் பாக்ஸிலேயே வைத்தாள்.

“அப்ப நாந்தான் கெடுத்தேனா?”

“உனக்குத் தெரியாது பாப்பா. எனக்கே இப்பதான் தெரியுது. நானா போயி உன்னக் காட்டிக் குடுக்க மாட்டேன். நீ யோசிச்சிச் சொல்லு.”

செவ்வந்தி டிபன் பாக்ஸை மூடினாள். அப்புறம், “யோசிக்க இன்னா கீது? மறைச்சா நாளைக்கும் உப்பத்தான போடணும்? புதுத் தளமும் பேந்துக்கும். அப்ப இன்னொருத்தி வந்து இதே பொட்டில ஒக்காருவா. வா, போலாம்” என்று எழுந்தாள்.

மேனேஜர் அறையில் செவ்வந்தி உட்காரவில்லை. நின்றபடியே கடகடவென்று சொல்லி முடித்தாள். “வழுக்கி வுழுந்தது நானு சார். கை ஒடிஞ்சது எனக்கு. அதனாலதான் போட்டேன். தளம் போவும்னு சாமி சத்தியமா தெரியாது.”

ராஜாராமன் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவர் முகம் சிவந்திருந்தது.

“உப்பு வாங்கச் சொன்னதே நான்தானே!” என்றார். “நீ விழுந்ததுக்கு அப்புறம், மூட்டை மூட்டையா மரக்காணத்திலேருந்து வரவழைச்சதும் நான்தான். வெளிநாட்டுல ரோட்டுல ஐஸ் பிடிச்சா உப்புதான் போடுவாங்கன்னு எங்கேயோ பார்த்தேன். ரோட்டுக்கு என்ன ஆகும்னு பார்க்கலை.”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது செவ்வந்திதான். அவள் கண்ணில் தண்ணீரும் நின்றது.

ஆனாலும் ராஜாராமன் எதையும் நிச்சயமாகத் தெரிந்துகொண்டு செய்கிற ஆள். அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஒரு பரிசோதனைக்கூடத்துப் பொறியாளரை வரவழைத்தார். பெயர் ஸ்ரீவித்யா. தோளில் ஒரு பையும், உதவியாளர் கையில் துளை போடும் இயந்திரமுமாக வந்தாள். சுகுமாரையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு கதவுகளின் முன்னாலும் தளத்தைத் துளைத்து, மூங்கில் குருத்து மாதிரி உருளையாக ஒவ்வொரு துண்டு எடுத்தாள்.

முதல் கதவுத் துண்டைக் கழுவி ஆதிலட்சுமியிடம் கொடுத்தாள். மேலே ஒரு விரல் கனம் கூடச் சேதம் இல்லை. அதற்குக் கீழே கல்லும் சிமெண்டும் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்து, ஒரு பொத்தல் இல்லாமல் இருந்தது.

“உள்ளே நல்லா கெட்டியா இருக்கு. நல்லா குத்தி இறக்கியிருக்கீங்க” என்றாள் ஸ்ரீவித்யா. “தோல் மட்டும்தான் போயிருக்கு. உப்பு பண்றது அதைத்தான். உப்புத் தண்ணி மேலே உறையும்போது தரையோட ஒட்டிக்கும். குளிர் ஏற ஏற அந்த ஐஸ் சுருங்கும். தரை அந்த அளவுக்குச் சுருங்காது. அப்போ ஐஸ் வெடிக்கும். வெடிக்கும்போது ஒட்டின இடத்துலேருந்து ஒரு செதிலைப் பிச்சுக்கிட்டுதான் வரும். ஒரு நாளைக்கு இருபது தடவை இப்படி நடந்தா என்ன ஆகும்?”

“வெறும் தண்ணி ஐஸ்ஸு அப்படிப் பண்ணாதா மேடம்?” என்று கேட்டாள் ஆதிலட்சுமி. “அந்தக் கதவாண்டயும் ஐஸ்ஸு புடிக்குதே.”

“வெறும் தண்ணி ஐஸ் இந்தக் குளிருக்கு அவ்வளவா வெடிக்காது. உப்பு கலந்தா ஐஸ் பலமில்லாம ஆயிடும், அதனால சுலபமா விரிசல் விடும். அதுலயும் உப்பு கொஞ்சமா இருந்தாதான் ரொம்பக் கெடுதல். நிறைய இருந்தா உறையவே உறையாது.”

செவ்வந்தி தலையில் கையை வைத்துக்கொண்டாள். “வீணாக்கக் கூடாதுன்னு ஒரே ஒரு கைப்பிடிதான் மேடம் போட்டேன்!”

எல்லோரும் சிரித்தார்கள். ஆதிலட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இவ்வளவு நல்ல வார்த்தை காதில் விழுந்த பிறகு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வருஷம் முழுக்க உள்ளே கிடந்து அரித்தது இன்றைக்கும் உள்ளேயே கிடக்குமே!

“மேடம், நான் ஒரு தப்புப் பண்ணிகீறேன்” என்றாள். “தூறல் வந்துடுச்சின்னு ஈரத்து மேல சிமெண்ட்டத் தூவித் தேச்சேன். ரெண்டு கதவாண்டயும். அது கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பண்ணேன்.”

சுகுமார் சட்டென்று முன்னால் வந்தான். “நாந்தான் மேடம் தூவச் சொன்னேன். அக்கா மேல மட்டும் போடாதீங்க.”

ஸ்ரீவித்யா இரண்டு துண்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்து மேல்விளிம்பைப் பார்த்தாள். நேரம் எடுத்துக்கொண்டாள். ஆதிலட்சுமி புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“தப்புதான்” என்றாள் ஸ்ரீவித்யா கடைசியில். “அப்படித் தூவினா மேல்தோல் கொஞ்சம் சோடையா இருக்கும். உப்பு விழுந்த இடத்துல ஒரு மாசம் முன்னாடியே உரிய ஆரம்பிச்சிருக்கும், அவ்வளவுதான். நீங்க தூவாத இடத்துலயும் உரிஞ்சிருக்கு. தூவின இடத்துல, உப்பு படாத வரைக்கும், அப்படியே நிக்குது. இதைக் கெடுத்தது நீங்க இல்லை. இன்னொண்ணு சொல்றேன். இந்த மாதிரி உறைஞ்சு இளகுற இடத்துக்குப் போடுற கான்கிரீட்ல நுண்ணுண்ணா காத்துக்குமிழ் நிக்கணும். அதுக்குன்னு ஒரு மருந்து இருக்கு. அது இருந்தா உப்பையே கொஞ்சம் தாங்கும். நம்ம ஊர்ல அது யாருக்கும் தேவைப்படுறதில்லை. இங்கே ஏது பனி? அதான் வரைபடத்துலயும் எழுதலை. எழுதாததை நீங்க எப்படிப் போடுவீங்க?”

குளிர் அறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தும் ஆதிலட்சுமிக்கு வேர்த்திருந்தது. சுவரில் சாய்ந்து மெல்ல உட்கார்ந்தாள். செவ்வந்தி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரையும் ஆதிலட்சுமி ஒரே மூச்சில் குடித்தாள்.

பத்து நாளில் அறிக்கை வந்தது. அழுத்திப் பார்த்ததில் கான்கிரீட், கேட்ட பலத்துக்கு மேலேயே தாங்கியிருந்தது. தளத்தை மொத்தமாக உடைக்க வேண்டாம். உரிந்த பகுதியை மட்டும் கொத்தி எடுத்து மேலே புதிதாகப் போட்டால் போதும் என்று எழுதியிருந்தார்கள். ஷட்டருக்கு மேலே ஒரு காற்றுத்திரை மாட்டினார்கள். வெளிப்புழுக்கம் உள்ளே வருவது பாதிக்கு மேல் குறைந்தது. ஐஸ் பிடிக்காமல் இருக்கக் கதவு விளிம்பில் பதித்து, வேலை செய்யாமல் கிடந்த வெப்பக் கம்பியைச் சரிபண்ணினார்கள். உப்பு மூட்டைகள் திரும்பிப் போயின. கதவுகளுக்கு முன்னால் வழுக்காத ரப்பர் பாய் வந்தது.

புதுப் பூச்சைப் போட ராஜாராமன் சென்னை ஆட்களைக் கூப்பிடவில்லை. ஆதிலட்சுமிக்கு அவரே போன் செய்தார். “நீங்களே வாங்க. மருந்து எவ்வளவு ஊத்தணும்னு அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்திருக்கா” என்றார்.

ஒரு சனிக்கிழமை அவளும் அவள் கூட்டாளிகள் நான்கு பேரும் வந்தார்கள். அந்தக் கலவை கையில் பிடிக்க வேறு மாதிரி இருந்தது. தயிர் சாதம் மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. தண்ணீர் போய் இறங்குகிற மாதிரி லேசாகச் சரிவு கொடுத்தாள். கண்ணாடி போல இழைக்கவில்லை. முடிக்கும்போது தென்னந்துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்து, கால் பிடிக்கிற மாதிரி வரிகள் போட்டாள். செவ்வந்தி ஓரமாக நின்று கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வழுக்காது இல்லக்கா?”

“ரெண்டு வாரம் காயட்டும். அப்புறம் கொழந்தையத் தூக்கிக்கினு ஓடு. அப்பவும் வழுக்காது” என்றாள் ஆதிலட்சுமி.

வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டிருந்தபோது சுகுமார் பக்கத்தில் வந்து நின்றான். காரணமில்லாமல் மொபைலை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டான்.

“பெருநகர் ஆஸ்பத்திரிக்கு வேற ஆள வெச்சுக்கறேன்னு சொன்னேன் இல்லக்கா. அந்த ஆள வேணாம்னுட்டேன். திங்கக்கெழம நீயே வந்துடு. நான் அன்னிக்கிப் பேசினது...”

“வுடு தம்பி. எனக்கே என் மேல நம்பிக்க இல்ல அன்னிக்கி. உனக்கு எங்கேருந்து வரும்?” என்றாள். “திங்கக்கெழம வரேன். ஆனா ஒண்ணு. தூறல் வந்தா நான் நிறுத்திடுவேன். பேஜார் பண்ணக் கூடாது.”

“சத்தியமா மாட்டேன்க்கா.”

மாலை நான்கு மணிப் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூட வந்த பெண்கள் உத்திரமேரூரில் இறங்கிக்கொண்டார்கள். திருப்புலிவனம் அங்கிருந்து கொஞ்ச தூரம்தான். பஸ் புறப்பட்டதும் முகத்தில் காற்று அடித்தது. சாலையோரம் நெல் கதிர் வாங்கிக்கொண்டிருந்தது. கண்ணை ஒரு நிமிஷம் மூடினாள்.

யாரோ தோளைத் தட்டினார்கள். கண்டக்டர்.

“இன்னாம்மா, எங்க எறங்கணும்? மாகறல் வந்துடுச்சி.”

“மாகறலா!” என்று துள்ளி எழுந்தாள். “திருப்புலிவனம்பா நானு!”

“ரெண்டு வாட்டி கத்தினேன். கொறட்ட வுட்டுக்கினு இருந்த.”

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆதிலட்சுமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இறங்கிச் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். திரும்பிப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் அரைமணி நேரம் ஆகும் என்றார்கள். வேதகிரிக்குப் போன் போட்டாள்.

“எங்க கீற?” என்றான் அவன்.

“மாகறல்ல. தூங்கிட்டேன்யா.”

ஒரு மாசமாக அவள் சரியாகத் தூங்காததைப் பக்கத்தில் படுத்துப் பார்த்தவன் அவன்.

“நல்லா தூங்கினியா?” என்று கேட்டான்.

“நல்லா தூங்கினேன்.”

“அங்கயே இரு. வண்டி எடுத்துக்கினு வரேன்.”

கடையில் ஒரு டீயும் சூடான மெதுவடையும் வாங்கிக்கொண்டு, பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து அவள் சாப்பிட ஆரம்பித்தாள். வடை முடிந்ததும் இன்னொன்று கேட்டாள்.